கூரை ஒழுகினால் காப்பீடு எதற்குப் பணம் தரும்? அமெரிக்காவில் முதல் வீடு வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் முதல் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு வீட்டுக் காப்பீடு என்பது, கடன் கொடுக்கும் வங்கி கேட்டதற்காக எடுத்து வைத்த ஒரு தாள்தான். பிரீமியம் மாதத் தவணையோடு சேர்ந்து வரிக்கும் காப்பீட்டுக்கும் என்று ஒதுக்கிவைக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து தானாகவே போய்விடுவதால், படுக்கையறையில் தலைக்கு மேலே தேநீர் சிந்தியது போன்ற ஒரு பழுப்பு வட்டம் தோன்றும் நாள்வரை அந்தப் பாலிசியை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த நாளில் என்ன செய்வது, எதை எந்த வரிசையில் செய்வது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் வசிப்பது டெக்சஸில், வசந்த காலத்து ஆலங்கட்டி மழைக்குப் பெயர்போன டாலஸ் வட்டாரத்தில் என்பதால், எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். காப்பீட்டுச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், காலக்கெடுக்களை உங்கள் பாலிசியோடும் உங்கள் மாநிலக் காப்பீட்டுத் துறையின் இணையதளத்தோடும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சொல் விளக்கம். ஷிங்கிள் எனப்படும் மெல்லிய பட்டைகளை ஓடுபோல் வேய்ந்த வெளி மேற்பரப்பைக் கூரை என்றும், அறைக்குள் அண்ணாந்தால் தெரியும் ஜிப்சம் பலகையை உட்கூரை என்றும் எழுதுகிறேன். காப்பீட்டு நிறுவனம் இவ்விரண்டையும் தனித்தனியாகவே எடைபோடும்.

நிறுவனம் கேட்கும் கேள்வி

வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்பது மட்டும் நிறுவனத்துக்குப் போதாது. கூரை எதனால் திறந்துகொண்டது, எந்த நாளில் திறந்துகொண்டது என்பதுதான் அதன் கேள்வி. சூறைக்காற்று ஷிங்கிளைப் பிய்த்தெறிந்தாலோ, ஆலங்கட்டி அடித்து உடைத்தாலோ, பக்கத்து ஓக் மரம் முறிந்து விழுந்தாலோ, அது திடீரென நேர்ந்த விபத்து, அதற்குத்தான் காப்பீடு. ஷிங்கிள் இருபது ஆண்டு வெயிலில் காய்ந்து சுருண்டு, அதன் வழியாகத் தண்ணீர் சிறுகச் சிறுக இறங்கியிருந்தால் அது தேய்மானம். அதைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் கடமை என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே ஓடு மாற்றிவிடுவது நம் ஊரில் ஓட்டு வீட்டுக்காரர்களின் வழக்கம். காப்பீட்டு நிறுவனம் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய அதையே.

தனி வீடுகளுக்குப் பெரும்பாலும் விற்கப்படுவது எச்ஓ-3 எனப்படும் பாலிசி. இதில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டடத்தைப் பொறுத்தவரை, விலக்கப்பட்டவை என்று பட்டியலிடப்பட்டவற்றைத் தவிர மற்ற எல்லாச் சேதங்களுக்கும் பாதுகாப்பு உண்டு. வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கோ, பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட 16 ஆபத்துகளுக்கு மட்டுமே பாதுகாப்பு. மழையால் பொருள்கள் கெட்டால், முதலில் காற்றோ ஆலங்கட்டியோ கூரையிலோ சுவரிலோ ஒரு திறப்பை உண்டாக்கி, அதன் வழியாக மழை உள்ளே வந்திருக்க வேண்டும். ஆகவே, பழைய கூரையின் இடுக்கு வழியாக இறங்கிய நீர் அலமாரியில் இருந்த பட்டுப்புடவைகளை நனைத்துவிட்டால், எச்ஓ-3 பாலிசியில் அவற்றுக்குப் பணம் கிடைப்பது அரிது. பொருள்களுக்கும் விரிவான பாதுகாப்பு வேண்டும் என்பவர்கள் கூடுதல் பிரீமியம் கட்டி எச்ஓ-5 எடுக்கலாம்.

இதற்கு நேர்மாறான, நமக்குச் சாதகமான நுணுக்கமும் ஒன்று உண்டு. தேய்ந்த ஷிங்கிளை மாற்றும் செலவு கிடைக்காவிட்டாலும், அதன் விளைவாகத் திடீரென இறங்கிய தண்ணீர் கெடுத்த உட்கூரைக்கும் சுவருக்கும் தரைக்கும் பல பாலிசிகளில் பணம் கிடைக்க வாய்ப்புண்டு. எனவே "கூரை பழையது, ஒன்றும் கிடையாது" என்று தொலைபேசியில் ஒருவர் சொல்லிவிட்டால், உள்ளே ஏற்பட்ட சேதத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

ஒழுகத் தொடங்கிய முதல் சில மணி நேரம்

விளக்கு பொருத்திய இடத்துக்கு அருகில் நீர் கசிந்தால் அந்த அறைக்குரிய மின்சுற்றை பிரேக்கர் பெட்டியில் அணைத்துவிடுங்கள். உட்கூரை நீர் கோத்துத் தொங்கினால், கீழே வாளி வைத்து, திருப்புளியால் ஒரு சிறு துளையிட்டு நீரை வடியவிடுவது நல்லது. விட்டுவைத்தால் பலகை முழுவதும் இடிந்து விழும். எதையும் நகர்த்துவதற்கு முன் படமும் காணொளியும் எடுங்கள். முதலில் அறை முழுவதும் தெரியும்படி ஒன்று, பிறகு ஒவ்வொரு கறையும் அருகிலிருந்து ஒன்று என எடுத்தால் பின்னர் குழப்பம் வராது.

சேதம் மேலும் பரவாமல் தடுக்க வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருடையது என்று பாலிசி சொல்கிறது. கூரையில் தார்ப்பாய் போட ஆள் அழைத்தால் அதன் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மூலச் சேதம் காப்பீட்டுக்கு உட்பட்டதாக இருந்தால், இத்தகைய நியாயமான தற்காலிகச் செலவும் கணக்கில் சேரும். நிரந்தரப் பழுதுபார்ப்பை மட்டும், சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் அட்ஜஸ்டர் வந்து பார்க்கும்வரை தள்ளிவையுங்கள். நனைந்த கம்பளத்தை எறிய நேர்ந்தால் அதில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் பட்ட இடத்தில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால் மின்விசிறியையும் ஈரம் உறிஞ்சும் கருவியையும் உடனே ஓடவிடுங்கள். பூஞ்சணத்துக்கான பாதுகாப்பைப் பல பாலிசிகள் 5,000 அல்லது 10,000 டாலர் போன்ற சிறிய உச்சவரம்போடு நிறுத்திவிடுகின்றன.

கசிவின் மூலத்தைக் கண்டுபிடியுங்கள்

நிறுவனத்தை அழைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பலர் இதைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள். கூரைமேல் ஏறாதீர்கள், ஈரமான ஷிங்கிள் வழுக்கும். கைவிளக்கோடு, கூரைக்கும் உட்கூரைக்கும் இடையிலுள்ள அட்டிக்குக்குள் போய்ப் பாருங்கள், மரச்சட்டங்களை மட்டுமே மிதித்து நடங்கள். கறைக்கு நேர் மேலே ஓட்டை இருக்க வேண்டும் என்பதில்லை. நீர் ஒரு சட்டத்தைப் பற்றிக்கொண்டு பல அடி தூரம் வழிந்துவந்து வேறோர் இடத்தில் சொட்டும்.

வழக்கமாகக் கசியும் இடங்கள் சில உண்டு: கழிவுநீர்க் காற்றுக்குழாய் கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம், புகைபோக்கியைச் சுற்றியுள்ள தகடு, இரு சரிவுகள் சேரும் பள்ளம், கூரைச் சாளரத்தின் ஓரம். இவற்றில் ரப்பர் வளையம் கூரைக்கு முன்பே கிழடாகிவிடும். பத்து ஆண்டு டெக்சஸ் வெயில் அதற்குப் போதும். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. ஆலங்கட்டி மழை பெய்த மறுவாரம் கறையைக் கண்டவுடன் மழையைக் குற்றவாளியாக்கி கிளெய்ம் போட்டேன். வந்த அட்ஜஸ்டர் ஏணியிலிருந்து இறங்கி, பிளந்துபோன ரப்பரின் படத்தைக் காட்டினார். நிராகரிப்புக் கடிதம் முறையாக வந்தது; அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. சில நூறு டாலரில் முடிந்த வேலைக்காக என் பெயரில் ஒரு கிளெய்ம் பதிவானதுதான் மிச்சம்.

கூரையே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். டெக்சஸில் பல வீடுகளில் குளிர்சாதன இயந்திரத்தின் உட்பகுதி அட்டிக்கில்தான் இருக்கிறது. அதன் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தட்டு நிரம்பி வழியும். மழையே இல்லாத ஜூலை மாதத்தில் கறை தோன்றினால் முதலில் அங்கே பாருங்கள். நியூ ஜெர்சி, மாசச்சூசெட்ஸ் போன்ற குளிர் மாநிலங்களில் கூரை ஓரத்தில் பனி உறைந்து அணைபோல நின்று, உருகும் நீரை ஷிங்கிளுக்கு அடியில் பின்னோக்கித் தள்ளும். இதனால் உட்கூரைக்கு ஏற்படும் சேதம் பொதுவாகக் காப்பீட்டில் அடங்கும்.

பாலிசியில் நான்கு இடங்கள்

முழுப் பாலிசியையும் ஒரே இரவில் படித்து முடிக்க வேண்டியதில்லை. முதலில், பாலிசியின் சுருக்கம் இருக்கும் டிக்ளரேஷன் பக்கத்தை எடுங்கள். அதில் டிடக்டிபிள், அதாவது இழப்பில் நாம் முதலில் ஏற்க வேண்டிய பங்கு, இரண்டு விதமாக இருக்கலாம். மற்ற சேதங்களுக்கு ஒன்றும், காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் வேறொன்றும் இருக்கும். பின்னது ஒரு சதவீதமாகக் குறிக்கப்பட்டிருந்தால், அந்தச் சதவீதம் கட்டடத்தின் மொத்தக் காப்பீட்டுத் தொகைக்கே கணக்கிடப்படும், சேதத் தொகைக்கு அல்ல. கட்டடம் 4,50,000 டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டு, ஆலங்கட்டி டிடக்டிபிள் 2 சதவீதம் என்றிருந்தால், முதல் 9,000 டாலர் நம் கையிலிருந்து போகும்.

இரண்டாவது, கூரைக்கான இழப்பீடு புதிதாக மாற்றும் செலவின்படியா, அல்லது தேய்மானம் கழித்த நடப்பு மதிப்பின்படியா என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும். கூரையை மாற்ற 20,000 டாலர் ஆகிறது. ஆயுள் 25 ஆண்டு என்று வைத்துக்கொள்ளப்படும் கூரைக்கு வயது 10. எனவே தேய்மானம் 40 சதவீதம், 8,000 டாலர். மேலே சொன்ன 9,000 டாலர் டிடக்டிபிளையும் கழித்தால், மாற்றுச் செலவுப் பாலிசியில் முதல் காசோலை 3,000 டாலருக்கு வரும். வேலை முடிந்தபின் கணக்குக் காட்டினால், பிடித்து வைத்த 8,000 டாலரும் வரும். நடப்பு மதிப்புப் பாலிசியில் அந்த 3,000 டாலரோடு கதை முடிந்தது. கூரைக்கு 10 அல்லது 15 வயதானதும் நடப்பு மதிப்புக்கு மாற்றிவிடும் நிறுவனங்கள் உண்டு. புதுப்பித்தல் கடிதத்தோடு வரும் இணைப்புத் தாளில் அது ஒரு வரியாக இருக்கும். அந்தக் கடிதங்களைப் படிக்காமல் கோப்பில் போடும் பழக்கம் நம்மவர்களிடம் அதிகம்.

மூன்றாவது, எண்டார்ஸ்மென்ட் எனப்படும் இணைப்புகளில், தோற்றத்தை மட்டும் கெடுக்கும் சேதம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உலோகக் கூரையில் ஆலங்கட்டி ஏற்படுத்தும் குழிகள் கசியாதவரை இந்த விலக்கில் சிக்கிக்கொள்ளும். நான்காவது, இன்றைய கட்டட விதிகளுக்கு ஏற்பப் பழுதுபார்க்க ஆகும் கூடுதல் செலவுக்கான பாதுகாப்பு. பொதுப் படிவத்தில் இது கட்டடத் தொகையில் 10 சதவீதம். பழைய கூரையைப் பிரிக்கும்போது நகராட்சி விதிப்படி புதிய அடித்தளப் பலகையோ ஓரத் தகடோ கட்டாயம் என்று தெரியவந்தால் இதுதான் கைகொடுக்கும்.

டவுன்ஹோம் அல்லது காண்டோ வாங்கியவர்கள் இதற்கெல்லாம் முன்பாக, கூரை யாருக்குச் சொந்தம் என்று குடியிருப்போர் சங்க ஆவணத்தில் பார்த்துவிட வேண்டும். கூரை சங்கத்தின் பொதுப் பாலிசியிலும், உள்ளறைச் சேதம் உங்கள் எச்ஓ-6 பாலிசியிலும் பிரிந்திருப்பது வழக்கம்.

கிளெய்ம் போடலாமா?

பழுதுச் செலவு டிடக்டிபிளை விடக் குறைவு, அல்லது சற்றே அதிகம் என்றால் கிளெய்ம் போடாமல் கைக்காசில் சரிசெய்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. நாம் போடும் கிளெய்ம்கள் குளூ எனப்படும் தரவுத்தளத்தில் 7 ஆண்டுவரை பதிவாகி இருக்கும். வேறு நிறுவனத்துக்கு மாற நினைக்கும்போது அவர்களும் அதைப் பார்ப்பார்கள். பணம் எதுவும் வழங்கப்படாத கிளெய்மும் அதில் இடம்பெறலாம். உங்கள் பதிவை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. எனவே "சும்மா கேட்டுப் பார்க்கலாம்" என்று நிறுவனத்தின் கிளெய்ம் எண்ணை அழைக்காமல், முதலில் சுயேச்சையான ஓர் ஒப்பந்தக்காரரிடம் கட்டணம் கொடுத்தாவது மதிப்பீடு வாங்குங்கள்.

அட்ஜஸ்டர் வரும் நாள்

போடுவது என்று முடிவானால் தாமதிக்காதீர்கள். புயல் நடந்த தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். தேசிய வானிலைச் சேவையின் புயல் பதிவுகளில் எந்த நாளில் எந்த ஊரில் எந்த அளவு ஆலங்கட்டி விழுந்தது என்பது கிடைக்கும். ஓர் அங்குல விட்டமுள்ள ஆலங்கட்டியைக் கடும் புயலுக்கான அளவுகோலாக 2010 முதல் நாடு முழுவதும் அந்தச் சேவை கொண்டிருக்கிறது. ஃபுளோரிடாவில் 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி, இழப்பு நேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கிளெய்ம் தெரிவிக்க வேண்டும்.

அட்ஜஸ்டர் வரும்போது வீட்டில் இருங்கள். முடிந்தால் உங்கள் ஒப்பந்தக்காரரையும் இருக்கச் சொல்லுங்கள். அட்ஜஸ்டர் ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி சதுரம் ஒன்றைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, அதற்குள் எத்தனை அடிகள் பட்டிருக்கின்றன என்று எண்ணுவார். அந்த நூறு சதுர அடிதான் கூரைத் தொழிலில் ஒரு "ஸ்கொயர்". மதிப்பீடு முழுவதும் அந்த அலகில்தான் இருக்கும். மழைநீர்க் குழாய், காற்றுப்போக்கி, வெளியே நிற்கும் குளிர்சாதன இயந்திரத்தின் தகடு ஆகியவற்றில் உள்ள குழிகளையும் காட்டுங்கள். மென்மையான உலோகம் நல்ல சாட்சி. "எப்போதிலிருந்து ஒழுகுகிறது" என்ற கேள்விக்கு உண்மையை, தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். "ரொம்ப நாளாகவே இருக்கும் போல" என்று பேச்சுவாக்கில் விடும் ஊகம், நாள்பட்ட கசிவு என்று அறிக்கையில் ஏறிவிடும்.

டெக்சஸில் பொதுவாக நிறுவனம் 15 நாளுக்குள் கிளெய்மைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். கேட்ட ஆவணங்கள் எல்லாம் கிடைத்தபின் 15 வேலை நாளுக்குள் ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல வேண்டும். ஏற்றுவிட்டால் 5 வேலை நாளுக்குள் பணம் தர வேண்டும். பெரும்புயலுக்குப் பின் இவை நீளக்கூடும்.

கதவைத் தட்டும் ஒப்பந்தக்காரர்கள்

ஆலங்கட்டி மழை பெய்த மறுநாள் காலையிலேயே, ஏணி ஏற்றிய வண்டிகள் தெருவில் வரிசையாக நிற்கும். வருபவர்களில் நேர்மையானவர்களும் உண்டு. ஆனால் "டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்குக் கூரை இலவசம்" என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் டிடக்டிபிளை வீட்டுக்காரரே கட்ட வேண்டும் என்கிறது. கட்டியதற்குச் சான்று கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. கூரை வேலையை எடுத்துச் செய்பவரே உங்கள் சார்பில் நிறுவனத்தோடு கிளெய்ம் பேரம் பேசுவதற்கும் அங்கே தடை உண்டு. ஃபுளோரிடாவில், கிளெய்ம் உரிமையையே ஒப்பந்தக்காரருக்கு எழுதிக்கொடுக்கும் வழக்கம் பல வழக்குகளுக்கு இடமளித்தது. 2023 ஜனவரி 1 முதல் வழங்கப்பட்ட பாலிசிகளில் அப்படி எழுதிக்கொடுப்பது செல்லாது.

டெக்சஸ் மாநிலம் கூரை வேலைக்கு உரிமம் கேட்பதில்லை. இதைக் கேட்டு ஆச்சரியப்படாத புதியவர்களை நான் பார்த்ததில்லை. ஆகவே உள்ளூரில் நிலையான முகவரி, பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ், அண்மையில் வேலை முடித்த இரண்டு வீடுகள் ஆகியவற்றை நாமே விசாரிக்க வேண்டும். கையடக்கக் கணினித் திரையை நீட்டி "கூரையைப் பார்க்க அனுமதிதான், ஒரு கையெழுத்து" என்று கேட்பவரிடம் முழு ஆவணத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். பல நேரம் அது வேலை ஒப்பந்தமாகவே இருக்கும்.

பணம் வரும் வழி

காசோலையில் உங்கள் பெயரோடு கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் இருக்கும். அவர்களின் கையொப்பம் இல்லாமல் அதை மாற்ற முடியாது. சிலர் பணத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, வேலை முன்னேற முன்னேறத் தவணையாக விடுவார்கள். இதற்கு வாரங்கள் ஆகலாம் என்பதால், காசோலை கைக்கு வந்த அன்றே கடன் நிறுவனத்தின் இழப்புப் பிரிவை அழையுங்கள். பிரித்தபின் மக்கிப்போன அடிப்பலகை தெரிந்தால், மூடுவதற்கு முன் படமெடுத்துக் கூடுதல் தொகை கோருங்கள். பிடித்து வைத்த தேய்மானத் தொகையைக் கோருவதற்கும் கெடு உண்டு. பொதுப் படிவத்தில், அதைக் கேட்கப்போகிறோம் என்பதை இழப்பு நேர்ந்த 180 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

மறுத்துவிட்டால்

எந்தப் பிரிவின்படி மறுக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தக்காரரின் படங்களோடு மறு ஆய்வு கோருங்கள். வேறோர் அட்ஜஸ்டர் வந்து முடிவு மாறுவது அபூர்வமல்ல. சேதத்தை ஒப்புக்கொண்டு தொகையில் மட்டும் தகராறு என்றால், பாலிசியில் அப்ரைசல் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இரு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை நியமிக்க, அவர்கள் இருவரும் ஒரு நடுவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மூவரில் இருவர் ஒத்துக்கொண்ட தொகையே முடிவு. நமக்காக வாதாடும் பப்ளிக் அட்ஜஸ்டரை அமர்த்துவதென்றால் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். டெக்சஸில் அது இழப்பீட்டில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிறிய கிளெய்முக்கு அவரை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் அளிக்கக் கட்டணம் இல்லை. புகாருக்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். வழக்குத் தொடுக்கப் பல பாலிசிகளில் இரண்டு ஆண்டுதான் அவகாசம் என்பதால், வழக்கறிஞரைப் பார்ப்பதை அதற்கு வெகு முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒழுகாத நாள்களில்

வீடு வாங்கும்போது கிடைத்த ஆய்வு அறிக்கையில் கூரையின் வயதும் நிலையும் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தைத் தனியே எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, வசந்தம் தொடங்குமுன், தெருவில் நின்று நான்கு பக்கமும் கூரையைப் படமெடுங்கள். புயலுக்கு முன் கூரை நன்றாக இருந்தது என்பதற்குத் தேதியிட்ட அந்தப் படங்களை விட எளிய சான்று இல்லை. ரப்பர் வளையங்களை மாற்றிய ரசீது, மழைநீர்க் குழாயில் இலை அள்ளிய ரசீது எல்லாம் அதே கோப்பில் போகட்டும். கூரையை மாற்றும் வாய்ப்பு வந்தால், ஆலங்கட்டியைத் தாங்கும் திறனில் நான்காம் வகுப்புச் சான்று பெற்ற ஷிங்கிளுக்கு எவ்வளவு கூடுதலாகும், அதற்குப் பிரீமியத்தில் எவ்வளவு தள்ளுபடி கிடைக்கும் என்பதை ஏஜென்டிடம் வேலை தொடங்குமுன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தள்ளுபடியோடு தோற்றச் சேத விலக்கும் சேர்ந்து வருகிறதா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.